கூப்பிட்டதும் விலகிப் போன வாத்துகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாத்து இறங்கினால் பாராட்டு குழலுக்கு. இறங்காவிட்டால் பழியும் குழலுக்கே. வேறு எதையும் பார்க்காமல் அடுத்த வாரமே இன்னும் விலை கூடிய குழல் ஒன்றை வாங்கிவிடுவார்கள். அப்படி ஒருவரின் முதல் பருவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கனடா வாத்தைக் கூப்பிடும் 'கூஸ் கால்' என்ற ஊதுகுழலை அவர் எப்படிக் கற்றார், ஒரு செப்டம்பர் காலையில் அவர் ஊதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் ஏன் விலகிப் போனது, அதில் குழலின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன்.

இடம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரத்தைச் சுற்றியுள்ள வயல்கள். கற்றவர் நாற்பதை நெருங்கும் ஒரு பெண், மருத்துவ ஆய்வகத்தில் வேலை. நகரத்தில் வளர்ந்தவர், வீட்டில் யாரும் துப்பாக்கி தொட்டதில்லை. கற்றுக்கொடுத்தவர் பால்பண்ணையை விற்றுவிட்டு ஓய்விலிருக்கும் ஒரு பெரியவர். வயல்காரர்கள் எல்லாரையும் தெரியும் என்பதால் அனுமதி கேட்கும் வேலையும் அவருடையது. நான் சுடுகிறவன் அல்ல. பறவை பார்க்கிறவன், கூடப் போனவன், செல்போனில் படம் பிடித்தவன். அந்தப் படம் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

பறவையும் சட்டமும்

ரோச்செஸ்டருக்கும் கனடா வாத்துக்கும் பழைய உறவு. கனடா வாத்துகளிலேயே மிகப் பெரிய இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1962 ஜனவரியில் இல்லினாய்ஸைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் ஹரால்ட் ஹான்சன் இந்த ஊரின் சில்வர் ஏரிக்கு வந்து அங்கிருந்த பறவைகளைப் பிடித்து எடை போட்டார். எடை நம்ப முடியாத அளவுக்கு இருந்ததால் தராசில்தான் கோளாறு என்று நினைத்து, கடையில் சர்க்கரை, மாவுப் பைகள் வாங்கி வந்து தராசைச் சரிபார்த்தார்களாம். தராசு சரியாகவே இருந்தது. அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட பறவை, மின்நிலையத்தின் வெந்நீரால் உறையாமல் கிடந்த ஊர் நடு ஏரியில் எல்லார் கண் முன்னாலும் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கப்புறம் பல மாநிலங்கள் அதை வளர்த்துப் பரப்பின. இன்று கோல்ஃப் மைதானம், பூங்கா, விமான நிலையம் எங்கும் அது தொல்லை என்று பெயர் வாங்கிவிட்டது. வலசை வரும் கூட்டங்கள் வடக்கிலிருந்து வந்து சேருவதற்கு முன்பே, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு தனிப் பருவம் திறப்பது இந்த உள்ளூர் வாத்துகளைக் குறிவைத்துத்தான்.

குழலுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். முன்பெல்லாம் வளர்ப்பு வாத்துகளைக் காலில் கட்டிப் போட்டு, அவை கத்துவதைக் கேட்டு வரும் காட்டு வாத்துகளைச் சுடுவார்கள். 1935-ல் அது தடை செய்யப்பட்டது. ஒலிப்பதிவைப் போட்டுக் கூப்பிடுவதும் வழக்கமான பருவத்தில் கூடாது. வெள்ளைப் பனிவாத்துகள் அளவுக்கு மீறிப் பெருகியதால் அவற்றுக்கு 1999 முதல் வசந்த காலத்தில் விலக்கு உண்டு. ஆக, இங்கே கனடா வாத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் மனுஷ வாய்தான் கதி. மற்ற விதிகள்: வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மாநில உரிமம், 25 டாலர் கூட்டரசு டக் ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்கான அனுமதி வில்லை), துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது, ஈய ரவை கூடாது (நாடு முழுக்க 1991 முதல்). ஒரு நாளைக்கு எத்தனை பறவை என்பது வருடத்துக்கு வருடம் மாறும். பெரியவர் முதல் நாளே விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இதைப் படிச்சு முடிச்சிட்டு வா, அப்புறம் ஊதலாம்" என்றார்.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை வைத்து இதில் எதையும் முயற்சி செய்துவிடாதீர்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது.

குழல்

பெரியவரிடம் இருந்தது இல்லினாய்ஸ் மாநிலம் பீகின் ஊரில் ஓல்ட் (Olt) என்ற கம்பெனி செய்த ஏ-50 குழல், கறுப்பு நிறக் கெட்டி ரப்பர். அதில் ஊதினால் 'ஹாங்க்' என்ற வாத்தின் உரத்த கத்தல் வரும், நன்றாகவே வரும், அதைத் தாண்டி அதிகம் வராது. அவருக்கு அது போதும்.

அந்தப் பெண் வாங்கியது இப்போது எல்லாரும் வாங்கும் ஷார்ட் ரீட் வகை. வெளியே ஒரு குழாய். அதற்குள் செருகும் உள்பாகத்தை இங்கே கட்ஸ் என்பார்கள். பள்ளம் வெட்டிய ஒரு டோன் போர்டு (ரீட் படியும் அடிக்கட்டை), அதன் மேல் ரீட் எனப்படும், அதிரும் மெல்லிய மைலார் பிளாஸ்டிக் தகடு, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன ஆப்பு. மொத்தமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மெதுவாகக் காற்றை அனுப்பினால் ரீட் தன் முழு நீளத்துக்கும் அதிர்ந்து, தாழ்ந்த உறுமல் வரும். அழுத்தத்தைக் கூட்டினால் ரீட் வளைந்து போர்டோடு படிந்து, நுனி மட்டும் அதிரும். குரல் சட்டென்று மேலே தாவும். அந்தத் தாவலுக்குப் பெயர் பிரேக். கனடா வாத்தின் குரலே கீழிருந்து மேலே உடையும் குரல்தான். எனவே ஷார்ட் ரீட் கற்பது என்பது பெரும்பாலும் அந்த ஒரு இடத்தைக் கற்பதுதான்: உடைய வேண்டிய நேரத்தில் உடைய வேண்டும், வேண்டாத நேரத்தில் உடையக் கூடாது.

கை இன்னொரு பாதி. குழலின் வாய்ப்பக்கத்துக்கு எதிர் முனையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகப் பிடிக்க, உள்ளங்கை அதை மூடியிருக்கும். கை மூடியிருந்தால் காற்று உள்ளேயே தேங்கி ரீடை எதிர்த்துத் தள்ளும். அந்த எதிரழுத்தம் இல்லாமல் பிரேக் ஒழுங்காக வராது. கையைத் திறந்தால் குரல் திறக்கும். புதிதாக வருகிறவர்கள் குழலைப் பேனா பிடிப்பதுபோல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, ஏன் கீச்சென்று மட்டும் வருகிறது என்று கேட்பார்கள்.

பயிற்சி

அந்தப் பெண் ஜூன் மாதம் தொடங்கினார். முதல் வாரங்களில் வந்தது கீச்சுக் குரல்தான், காரணம் கன்னம். பலூன் ஊதுகிற காற்று அது. பெரியவர் அவரைக் காரருகே கூட்டிப்போய், ஜன்னல் கண்ணாடியில் 'ஹா' என்று ஊதச் சொன்னார். கண்ணாடி பனித்தது. "இப்ப கன்னத்தை உப்பிக்கிட்டு ஊது." பனிக்கவில்லை. "முதல்ல வந்துதே, அந்தக் காத்துதான் வேணும். வயித்திலிருந்து வரணும்." இதை எத்தனையோ பேர் வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள், அவரும் பார்த்திருந்தார். கண்ணாடியில் கண்ணால் பார்த்த பிறகுதான் உடம்புக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு வந்த வரிசை பெரியவருடையது. எனக்கு அது சரியாகப்பட்டதால் விவரமாகவே எழுதுகிறேன். முதலில் வெறும் முனகல்: பிரேக் வராமல், தாழ்ந்த குரலை நடுங்காமல் நீளமாகப் பிடிப்பது. சலிப்பான வேலை. அது நிலைத்த பிறகு, முனகலிலிருந்து அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி எந்தப் புள்ளியில் குரல் உடைகிறது என்று கண்டுபிடிப்பது. அப்புறம் அந்தப் புள்ளிக்கு ஒரே எட்டில் போவது. வாய்க்குள் 'த்து-விட்' என்று சொன்னபடி காற்றைத் தள்ளி, 'ட்' வரும்போது நாக்கால் வெட்டிவிட்டால் அது கிளக். கிளக்கை நீட்டினால் ஹாங்க். இவ்வளவுதான் ஒரு பருவத்துக்கு என்றார் பெரியவர்.

ஆனால் அந்தப் பெண் இவ்வளவோடு நிற்கவில்லை. இரவில் போட்டி வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். மேரிலாந்து மாநிலம் ஈஸ்டனில் ஆண்டுதோறும் நவம்பரில் உலக வாத்துக் குழல் போட்டி நடக்கிறது. அந்த மாதிரி மேடைகளில் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு கூட்டமே பேசுவதுபோல ஊதிக் காட்டுவார்கள்: தூரத்தில் போகும் கூட்டத்தைத் திருப்பும் கம்பேக், இரட்டைக் கிளக், இறங்கும்போது கத்தும் லே-டவுன், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக. கேட்கப் பிரமாதமாக இருக்கும். நடுவர்கள் ஊதுகிறவரைப் பார்க்காமல் காதால் மட்டும் மதிப்பெண் போடுவார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் இவர் அதில் பாதியை ஓரளவு பிடித்துவிட்டார். காதுள்ளவர், உழைப்பாளி. மருத்துவமனை வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து ஊதுவார்; பாதுகாவலர் ஒருமுறை வந்து ஜன்னலைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. சில்வர் ஏரியைச் சுற்றி நடக்கிற எவருக்கும் தெரியும், வாத்துகள் அப்படிப் பேசுவதில்லை. பெரும்பாலான நேரம் அவை போடுவது காதில் விழுந்தும் விழாத ஒரு முணுமுணுப்பு. மேயும்போது அது, ஜோடியைத் தேடும்போது ஓரிரு கிளக். ஆண் வாத்தின் குரல் தாழ்வாகவும் பெண் வாத்தின் குரல் கொஞ்சம் உச்சமாகவும் இருக்கும். இரண்டும் மாறி மாறிக் கத்தும்போது ஒரே பறவை கத்துவதுபோலவே கேட்கும். பெரிய ஹாங்க் வருவது எழும்பும்போது, இறங்கும்போது, சண்டையில். ஒரு மாலை அவரை அங்கே உட்காரவைத்துச் செல்போனில் பதிவு செய்யச் சொன்னேன். வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, "பாதி நேரம் ஒண்ணுமே இல்லையே" என்றார்.

செப்டம்பர் காலை

மாட்டுத் தீவனத்துக்காக அடியோடு வெட்டிய மக்காச்சோள வயல். முந்தைய நாள் மாலை பெரியவர் வண்டியில் சுற்றிப் பார்த்து, கூட்டம் எந்த இடத்தில் மேய்ந்தது என்று குறித்து வைத்திருந்தார். விடியலுக்கு முன்பே ஒன்றரை டஜன் பொம்மை வாத்துகளை ஜே எழுத்து வடிவத்தில் வைத்தார்கள். காற்று தென்மேற்கிலிருந்து. வாத்து எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கும். ஆகையால் வடகிழக்கிலிருந்து வரும். ஆட்கள் ஒளிந்து உட்காரும் மறைப்பை ஜே எழுத்தின் மேல்முனையில், காற்று முதுகில் படும்படி வைத்தார்கள். வரும் வாத்து நேராக முகத்துக்கு வரும். வேலியோரப் பள்ளத்தில் வெட்டிய பச்சைப் புல்லை மறைப்பின் மேல் கட்டினார்கள். பழைய பாணி அது. பல இடங்களில் பலிக்கவும் செய்யும்.

நான் பக்கவாட்டில், காற்றுத்தடுப்பு மரவரிசைக்குள் முக்காலியில் செல்போனை மாட்டிக்கொண்டு நின்றேன்.

சூரியன் எழுந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் ஏழு வாத்துகள் வந்தன. தாழ்வாக, பொம்மைகளைப் பார்த்து. அந்தப் பெண் ஊதினார், கூட்டம் வயலைத் தாண்டிப் போய், திரும்பி, வடகிழக்கிலிருந்து சிறகை வளைத்து மிதக்கத் தொடங்கியது. இன்னும் ஊதினார். ஏறக்குறைய எழுபது கஜத்தில் ஏழும் ஒன்றாகச் சிறகடித்து வலப்பக்கம் விலகி மேலேறிப் போய்விட்டன. ஸ்டீல் ரவைக்கு அது எட்டாத தூரம். 30, 35 கஜத்துக்குள் வந்தால்தான் சுட வேண்டும் என்பது பெரியவரின் கண்டிப்பு, இல்லாவிட்டால் காயம்பட்ட பறவை எங்கோ போய்ச் சாகும். யாரும் சுடவில்லை.

அவர் குழலைப் பார்த்தார். "இதுல ஏதோ பொய்யா கேக்குது" என்றார். அன்று மாலையே அக்ரிலிக்கில் செய்த, விலை நாலைந்து மடங்கான ஒன்றை வாங்கிவிட்டார்.

வீடியோவில் தெரிந்தது

மறுநாள் மூவரும் பெரியவரின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தத் துண்டை ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். முதலில் ஒலியை அணைத்துப் பார்த்தோம், பறவைகளை மட்டும் கவனிக்க. மிதந்து வரும் ஏழில், முன்னால் வந்த பறவையின் கழுத்து ஒரு கட்டத்தில் நிமிர்கிறது. வாத்துக்குக் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமானால் தலையைச் சாய்க்கும். அந்தப் பறவை தலையைச் சாய்த்தது. உடனே பின்னால் வந்ததும் சாய்த்தது. அதற்கடுத்த நொடியில் சிறகடிப்பு.

பிறகு ஒலியோடு பார்த்தோம். கழுத்து நிமிர்ந்தது ஒரு நீண்ட ஹாங்க் வரிசையின் நடுவில். அதைவிட முக்கியமாக, அந்த வரிசைக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. மூச்சு வாங்குவதற்காக அவர் நிறுத்திய நேரம். அந்த இடைவெளியில் கூட்டம் எந்தத் தயக்கமும் இல்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் மீண்டும் ஊதியதும் தலைகள் திரும்பின.

"பார்த்தீங்களா, குழல்தான்" என்றார் அவர்.

பெரியவர் தலையாட்டவில்லை. "குழல் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் நீ எங்க இருக்கேன்னு அதுங்க சரியா கண்டுபிடிச்சுது."

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பது என் முடிவு. குழல் பொய்யாக ஒலித்திருந்தால் கூட்டம் வயலைத் தாண்டிப் போனபோது திரும்பியே இருக்காது. திரும்பியது, ஆகவே முதல் வேலையைக் குழல் செய்துவிட்டது. ஆனால் குரல் கேட்ட இடத்தை வாத்து பார்க்கும். அது இயல்பு, தன் இனத்துப் பறவை அங்கே நிற்கிறதா என்று தேடும். எழுபது கஜத்தில், நேர் எதிரே வந்துகொண்டிருக்கும்போது, உரத்து ஊதினால் ஏழு ஜோடிக் கண்களை அழைத்துத் தன் முகத்தில் நிறுத்தியதாகும். அங்கே அவை கண்டது என்ன? பழுப்பு மண்ணும் வெளிறிய தட்டையும் உள்ள வயலில் பச்சையாக ஒரு பெட்டி. கிழக்கிலிருந்து அடித்த காலை வெயில் நேராக இரண்டு முகங்கள் மேல். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினால், மரவரிசையில் நின்ற என் செல்போனுக்கே அந்த முகங்கள் தெரிந்தன. வாத்துக்குத் தெரியாதா?

மூன்று காரணங்களையும் தராசில் வைத்தால், பெரியது மறைப்பு. அடுத்தது மறைப்பின் இடம், வாத்து நேர்ப் பார்வையில் வரும்படி வைத்தது. குழல் மூன்றாவது. அதுவும் குரலின் தரத்தால் அல்ல, நேரத்தால். மறைப்பு சரியாக இருந்திருந்தால் அதே ஊதலுக்கு அதே கூட்டம் இன்னும் நாற்பது கஜம் வந்திருக்கலாம். ஊதாமல் இருந்திருந்தால் அந்தப் பச்சைப் பெட்டியைக் கவனிக்காமலேயே இறங்கியிருக்கலாம். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஏந்திக்கொண்டு வந்தன.

போட்டி வீடியோக்களின் பங்கையும் சொல்ல வேண்டும். மேடையில் அமைதிக்கு மதிப்பெண் கிடையாது. ஒன்றரை நிமிடத்தை நிரப்ப வேண்டும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, வாத்து இறங்கிவரும்போது சும்மா இருப்பது தப்பு செய்வதுபோல இருக்கும். அந்த வித்தைக்காரர்கள் வயலில் அப்படி ஊதுவதில்லை என்பது வேறு விஷயம்.

மாற்றங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. நான் கேட்டுக்கொண்டதால் ஒவ்வொன்றாக மாற்ற ஒப்புக்கொண்டார்கள். பெரியவருக்கு இது வீண் வேலை. "வாத்து வந்தா போதாதா?" என்றார்.

முதலில் புல். அந்தந்த வயலிலேயே கிடக்கும் தட்டையையும் சருகையும் மட்டும் மறைப்பில் கட்டினார்கள். முகத்துக்குத் துணி மறைப்பு, தொப்பி கண்வரை. ஊதும் முறை மாறவில்லை. கூட்டங்கள் முன்பைவிட நெருங்கின. ஆனால் பொம்மைகளின் ஓரத்தில், சுட முடியாத பக்கத்தில் இறங்கி நடந்தன. ஏதோ பிடிக்கவில்லை, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்கிற மாதிரி.

அப்புறம் மறைப்பைத் திருப்பினார்கள். காற்று முதுகில் படும் வழக்கத்தை விட்டுவிட்டு, வேலி வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தார்கள். இப்போது வாத்து இறங்கும்போது அதன் கண்ணுக்கு முன்னால் பொம்மைகள் மட்டும்தான், மனிதர்கள் ஓரத்தில். இந்த ஒரு மாற்றம் செய்த வேலையை எந்தக் குழலும் செய்திருக்காது.

கடைசியாக ஊதும் முறை. இங்கே வேட்டைக்காரர்கள் சொல்லும் பழைய விதி: இறக்கை நுனியும் வாலும் தெரிந்தால் ஊது, நெஞ்சு தெரிந்தால் நிறுத்து. அதாவது பறவை விலகிப் போகிறது அல்லது வளைகிறது என்றால் ஹாங்க், கிளக், கெஞ்சல் எல்லாம் செய்யலாம். உன்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்றால் அது ஏற்கனவே சம்மதித்துவிட்டது. அதற்கு மேல் பேசிக் கெடுக்கக் கூடாது. கேட்க எளிது. கடைப்பிடிப்பது அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. மிதந்து வரும் கூட்டத்தைக் கண்டதும் கை தானாக வாய்க்குப் போகும். பெரியவர் ஒருநாள் பேச்சே இல்லாமல் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்தக் கூட்டம் இறங்கியது. அவருடைய முதல் வாத்து அதிலிருந்து வந்ததுதான். சுத்தமான ஒரே சுடு, இருபத்தைந்து கஜத்துக்குள். சுட்டுமுடித்தபின் பறவையைக் கையில் தூக்கியவர், இவ்வளவு கனமா என்றார். இந்தப் பெரிய இனம் ஐந்து கிலோவைத் தாண்டவும் கூடும்.

இறங்கும் கூட்டத்துக்கு முற்றிலும் மௌனம் என்றும் இல்லை. அந்த ஏரிக்கரைப் பதிவில் கேட்ட முணுமுணுப்பு இங்கேதான் உதவியது. குழலைத் தரைப் பக்கம் திருப்பி, கையை மூடியபடி, தாழ்ந்த முனகலைத் துண்டு துண்டாக விட்டால், மேய்ந்துகொண்டிருக்கும் பொம்மைகளிலிருந்து வருவதுபோல் பரவும். ஒரு புள்ளியைக் காட்டிக்கொடுக்காது. ஜூன் மாதத்தில் சலிப்பாக இருந்தது என்று அவர் முணுமுணுத்த அதே பயிற்சி. போட்டி வீடியோவில் கற்ற லே-டவுனை நான் அவர் வயலில் ஊதிக் கேட்டதே இல்லை.

குளிர்

நவம்பரில் வலசைக் கூட்டங்கள் வந்தபோது புதிய சிக்கல்கள். வடக்கிலிருந்து வரும் சிறிய கனடா வாத்துகளின் குரல் உச்சமானது, வேகமானது. உள்ளூர்ப் பெரிய வாத்துக்காகத் தாழ்வாகச் சுருதி சேர்த்திருந்த குழலில் அது வரவில்லை. ரீடைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். அவர் கட்ஸைக் கழற்றி நகர்த்திவிட்டு, பழைய இடம் எது என்று தெரியாமல் ஒரு மாலை முழுக்கத் திண்டாடினார். கழற்றுவதற்கு முன் ரீட் ஆப்பைச் சந்திக்கும் இடத்தில் நுண்ணிய பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை, ஏனென்று தெரியவில்லை.

அடுத்தது எச்சில். நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டுதான் கச்சேரியைத் தொடங்குவார். இங்கே ஈரம் எதிரி. மைலார் ரீடுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு துளி தங்கினாலே இரண்டும் ஒட்டிக்கொண்டு குரல் அடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே அந்தத் துளி உறைந்தும் போகும். அவர் குழலைக் கழுத்துக் கயிற்றில் கோட்டுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். கூட்டம் வரும்போது ஊதினால் வெறும் காற்றுச் சத்தம். கோட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்ட பிறகு சரியானது. ஒட்டிக்கொண்டால் ஒரு டாலர் தாளை ரீடுக்கு அடியில் விட்டு மெல்ல இழுத்தால் ஈரமும் அழுக்கும் வந்துவிடும். பெரியவரின் சட்டைப்பையில் இதற்கென்றே ஒரு கந்தல் டாலர் இருக்கிறது.

புதிதாக வாங்கிய அக்ரிலிக் குழலைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். அது நல்ல குழல். குரல் கூர்மை, தூரத்துக்குக் கேட்கும், காற்றடிக்கும் நாளில் பயன். ஆனால் பளபளப்பு; வெயிலில் மினுங்கும். அவர் அதன் மேல் மங்கலான டேப் சுற்றிவிட்டு, அமைதியான காலைகளில் பழைய பாலிகார்பனேட் குழலையே எடுத்துப் போகிறார்.

இந்த ஆய்வின் வரம்பும் தெளிவானது. ஒருவர், ஒரே பகுதி, ஒரே பருவம். காற்றும் கூட்டமும் நாளுக்கு நாள் வேறு. ஒவ்வொன்றாக மாற்றினோம் என்றாலும் அக்டோபர் வாத்து செப்டம்பர் வாத்து அல்ல, இடையில் பலமுறை சுடப்பட்டுப் பாடம் கற்ற பறவை அது. ஆயினும் அந்தக் கழுத்து நிமிர்ந்த நொடி வீடியோவில் அழியாமல் இருக்கிறது. அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருடம் அவர் இரட்டைக் கிளக் பழகிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கிளக் இன்னும் தாமதமாக விழுகிறது. பெரியவர் அதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடச் சொல்கிறார். அவர் கேட்பதாக இல்லை. வாகன நிறுத்தப் பாதுகாவலர் இப்போதெல்லாம் ஜன்னலைத் தட்டுவதில்லை, போன வாரம் அவரும் ஒருமுறை ஊதிப் பார்த்தாராம்.